இத வெச்சு ஆர அடிக்கது? பேனா சுத்துறது கலையா, ஸ்போர்ட்டா, ஹாபியா

குமரி மாவட்டம் கருங்கல் ஊரு பக்கத்துல இருந்து ஒரு அக்கா கேட்டிருந்தாவ. மகன் பிளஸ் ஒன் படிக்கான், எந்நேரமும் விரலுக்கு இடையில பேனாவ போட்டு சுத்திக்கிட்டே இருக்கான், ஏசுனா "இது உலக அளவுல போட்டி நடக்கிற ஸ்போர்ட்டும்மா"ன்னு எதிர்த்துப் பேசுதான், அவன் அப்பா இது வட்டு, கிறுக்குன்னு சொல்லுதாரு, டியூஷன் டீச்சர் அது ஒரு ஆர்ட்டு தானே விடுங்கன்னு சொல்லுதாவ, நெசத்துல இது கலையா ஸ்போர்ட்டா சும்மா ஹாபியா, இத வெச்சு சர்டிஃபிகேட் ஏதாவது கெடைக்குமா. இதான் கேள்வி.

அக்கா, நான் இத பிளஸ் டூ படிக்கும்போ தொடங்கினேன், இப்போ முப்பத்தஞ்சு வயசாவுது, இன்னும் விடல. பஸ்ஸுல ஜன்னல் சீட்டு கெடைச்சா கை தானா பாக்கெட்டுக்கு போவும். சின்னதுல ஒரு ஆசான்ட்ட கம்பும், அதான் சிலம்பம், படிச்சிருக்கேன், அதனால இந்த கலையா ஸ்போர்ட்டாங்கற சண்டை எனக்கு ரெண்டு பக்கமும் தெரியும். கொஞ்சம் நீளமா போவும், பொறுத்துக்கிடுங்க.

சர்டிஃபிகேட் விஷயத்த மொதல்லயே முடிச்சிருவோம். கிடையாது. தமிழ்நாடு அரசு வேலைக்கு 3 சதவீதம் ஸ்போர்ட்ஸ் கோட்டா இருக்கில்லா, அதுல சிலம்பத்த சேத்துட்டாவ, பேனா சுத்துறத சேக்கல, ஒலிம்பிக் கமிட்டி அங்கீகாரமும் இதுக்கு கிடையாது. அவன் காலேஜ் சீட்டுக்காக இத சுத்துதேன்னு சொன்னா அது பொய், நம்பாதீங்க. இன்னொண்ணு, "சாதனை புத்தகத்துல பேரு போடுதோம், ஷீல்டு தாறோம், இத்தன ஆயிரம் கட்டுங்க"ன்னு ஆளு வருவாவ. எனக்கே ஒருதடவ போன் வந்துது, வீடியோவ பாக்கக்கூட இல்ல, மொதல்ல ஜிபே நம்பரத்தான் அனுப்புனாவ. அந்தப் பக்கமே போவாதீங்க, அந்த காசுக்கு புள்ளைக்கு நல்ல செருப்பு வாங்கிக் குடுக்கலாம்.

இனி விஷயத்துக்கு வாறேன்.

ஜப்பான்ல இதுக்கு பென் மவாஷின்னு பேரு, மவாஷின்னா சுத்துறது. ரோனின் மவாஷின்னு இன்னொரு பழைய பேரும் உண்டு, அதுதான் எனக்கு ரொம்ப பிடிச்ச பேரு. ரோனின்னா எஜமான் இல்லாத சாமுராய், எங்கயும் சேராம அலையிறவன். பிற்காலத்துல யூனிவர்சிட்டி என்ட்ரன்ஸ்ல தோத்துட்டு அடுத்த வருஷம் எழுதுறதுக்காக இருந்து படிக்கிற பயலுவளுக்கு அந்த பட்டப்பேர வெச்சுட்டாவ. அவனுவ புக்க முன்னால வெச்சுக்கிட்டு பேனாவ சுத்திக்கிட்டு கெடந்ததால ரோனின் சுத்து. நம்ம ஊரு கணக்குல சொன்னா நீட் ரிப்பீட்டர் சுத்துன்னு வெச்சுக்கிடுங்க. ஆக இது மேடையில பொறந்தது இல்ல, கிரவுண்டுல பொறந்ததும் இல்ல, போரடிக்கிற பெஞ்சுல பொறந்தது. நம்ம ஊரு பிள்ளியளும் ஜப்பான பாத்தா பழகுதாவ? ஒவ்வொரு கிளாஸ்லயும் கடைசி பெஞ்சுல ஒருத்தன் தானா கண்டுபிடிப்பான்.

1997-ல ஹிடெயாகி கோன்டோன்னு ஒரு ஜப்பான்காரர் பென்சில் ஸ்பின்னிங் வேர்ல்ட்னு ஒரு வெப்சைட் போட்டு இந்த சுத்துகள வகை வகையா காட்டுனாரு. இது சின்ன விஷயம் இல்ல பாத்துக்கிடுங்க. ஒரு சுத்துக்கு பேரு வந்தாத்தான் இன்னொருத்தன்ட்ட "அத செஞ்சு காட்டு"ன்னு கேக்க முடியும், பேரு இல்லாதத எப்பிடி சொல்லிக்குடுக்க? கம்புலயும் இதே கததான், வரிசைக்கும் வீச்சுக்கும் பேரு இருக்கதாலதான் ஆசான் திண்ணையில உக்காந்துக்கிட்டே பத்து பயலுவளுக்கு சொல்லிக்குடுக்காரு. பொறவு 2005-க்கு மேல யூட்யூப் வந்துது, அதுக்கு அப்புறம் கொரியா, சீனா, தாய்லாந்து, பிரான்ஸ், ஜெர்மனின்னு எங்கயும் ஆளுவ ஆயிட்டாவ. நான் மொதல்ல பாத்ததும் மார்த்தாண்டத்துல ஒரு பிரவுசிங் சென்டர்ல, மணிக்கு இருபது ரூவா, பஃபர் ஆவுறதுக்கே அஞ்சு ரூவா போயிரும்.

அடிப்படை நாலுதான். தம்ப்அரவுண்ட், சோனிக், சார்ஜ், பாஸ். தம்ப்அரவுண்டுன்னா கட்டவிரல சுத்தி ஒரு ரவுண்டு வந்து கையில விழுறது. சோனிக்னா நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் இடையில இருக்கிறது சுத்திக்கிட்டே ஆள்காட்டிப் பக்கம் தாவுறது. சார்ஜ்னா ரெண்டு விரலுக்கு இடையில பிடிச்சபடியே கூம்பு மாதிரி சுத்துறது, விடவே கூடாது. பாஸ்னா ஒரு விரல்ல இருந்து அடுத்த விரலுக்கு பைய கை மாத்துறது. கட்டவிரல டின்னும் ஆள்காட்டியில இருந்து சுண்டுவிரல் வரைக்கும் 1, 2, 3, 4-ன்னும் எழுதி எந்த விரலிடுக்குல இருந்து எந்த விரலிடுக்குக்கு போவுதுன்னு குறிச்சு வைப்பாவ, 23-ன்னா 2-க்கும் 3-க்கும் நடுவுல, 23-ல இருந்து 12-க்குன்னு சொன்னா உலகத்துல எந்த மூலையில இருக்கிற சுத்துக்காரனுக்கும் புரியும்.

தம்ப்அரவுண்ட மட்டும் கொஞ்சம் பக்கத்துல பாருங்க, உங்க பையன் நேரத்த சும்மா வேஸ்ட் பண்ணல்லன்னு தெரியும். பேனாவ கட்டவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூணுலயும் லேசா பிடிக்கணும், நடுவிரல் பேனாவோட மத்தியில இருந்து கொஞ்சம் தள்ளி இருக்கணும். இப்போ நடுவிரல மட்டும் உள்ள பாத்து மடக்கணும், துப்பாக்கி விசைய இழுக்கிற மாதிரி. பேனா கட்டவிரல் முட்டுக்கு மேல உருளத் தொடங்கும். அந்த நேரத்துல ஆள்காட்டி வழிய விட்டு ஒதுங்கணும், நடுவிரல் தள்ளி முடிச்ச உடனே கட்டவிரல் அடிப்பக்கம் போயி பதுங்கிக்கிடணும், இல்லன்னா பேனா சுத்தி வரும்போ அந்த விரல்லயே மோதி சவம் கீழ விழும். எல்லா பயலுவளும் தப்பு பண்ணுறது இங்கதான், மணிக்கட்ட ஆட்டி ஆட்டி சுத்தப் பாப்பானுவ. மணிக்கட்டுக்கு இதுல வேலை ரொம்ப கம்மி. எனக்கு இந்த ஒண்ணு சுத்தமா வாறதுக்கு ரெண்டு வாரம் ஆச்சு, கட்டில்ல உக்காந்து பழகினேன், தரையில பழகினா விழுற சத்தத்துக்கு அம்மை அடுக்களையில இருந்து தொடங்கிருவாவ.

பேனாவுக்கும் ஒரு கணக்கு உண்டு. சாதா ரெனால்ட்ஸ் எடை கம்மி, நீளமும் கம்மி, மூடிய பின்னால மாட்டுனா ஒரு பக்கம் சாயும். எடை நீளம் பூரா சமமா இருக்கிற கம்பிய மத்தியில சுத்துறதுக்கும், அதே எடைய ரெண்டு நுனியில கொண்டு வெச்சு சுத்துறதுக்கும் மூணு மடங்கு வித்தியாசம், பிளஸ் ஒன் ஃபிசிக்ஸ்ல நிலைமத் திருப்புத்திறன்னு வருதில்லா, ஒண்ண சுத்த வைக்கதுக்கு எவ்வளவு பாடுங்கற கணக்கு, ஒண்ணு பன்னிரண்டுல ஒரு பங்கு, மத்தது நாலுல ஒரு பங்கு, பையன்ட்ட கேளுங்க அவனுக்கு இதாவது தெரிஞ்சிருக்கணும். நுனி கனமா இருந்தா தொடங்குறதுக்கு கொஞ்சம் கூடுதல் தள்ளு வேணும், ஆனா தொடங்குன பொறவு அசையாம நின்னு சுத்தும். ஆரல்வாய்மொழி காத்தாலை மாதிரின்னு வெச்சுக்கிடுங்க, பைய சுத்தும், ஆனா சட்டுன்னு நிக்காது. அதுக்காகத்தான் ரெண்டு பக்கமும் மூடி போட்டு, நடுவுல ரப்பர் கிரிப் மாட்டி, இருபது சென்டிமீட்டர் பக்கம் நீளத்துல தனியா பேனா கட்டுவாவ, மாட்னு சொல்லுவாவ. வெளிநாட்டுல பென்டெல் ஆர்எஸ்விபி, டாக்டர் கிரிப்புன்னு பேனாவ பிரிச்சுப் போட்டு கட்டுதாவ. எனக்கு அதுக்கெல்லாம் எங்க வழி, தக்கலையில ஒரு சைக்கிள் கடையில வால்வ் டியூப் வாங்கி ஸ்கெட்ச் பேனாவுல மாட்டி ரெண்டு முனையிலயும் மூடி வெச்சு கட்டுனேன், சோப்புத் தண்ணி தொட்டாத்தான் டியூப் ஏறும். ரெண்டு முனையிலயும் மூடி, உள்ள ரீஃபில் கிடையாது. பேனான்னு பேரு, எழுத மட்டும் எழுதாது.

இந்த பேனாவத்தான் ஒருநாள் ஆசான்ட்ட கொண்டு காட்டினேன். எங்க ஆசான் கம்பும் அடிமுறையும் சொல்லிக்குடுப்பாரு, அதே திண்ணையில கை ஒடிஞ்சவனுக்கு தைலம் போட்டு கட்டும் கெட்டுவாரு, நம்ம மாவட்டத்துல அந்தக் கால ஆசான்மாரு அப்பிடித்தானே, அடிக்கவும் தெரியணும் அடிபட்டத தேத்தவும் தெரியணும். நான் அஞ்சாறு சுத்து சுத்தி காட்டினேன். வாங்கி அவரும் ஒருதடவ முயற்சி பண்ணினாரு, கம்பு பிடிச்சு காச்ச விரலு, பேனா தெறிச்சு மருந்து உரலுக்குள்ள போயி விழுந்துட்டு. எடுத்து தொடச்சு திருப்பித் தந்துக்கிட்டே கேட்டாரு, "கொள்ளாம் மக்கா. இத வெச்சு ஆர அடிக்கது?"

நாங்க எல்லாரும் சிரிச்சோம். ஆனா யோசிச்சுப் பாத்தா ஸ்போர்ட்டுக்கு இதவிட நல்ல கேள்வி யாரும் கேக்கல. எதிர்ல ஆளு நிக்கணும், நீ செய்யிறத அவன் தடுக்கணும், அவன் தடுத்தத நீ தாண்டணும். கம்புச்சண்டையில கம்பு மேல பட்டா பாயின்ட்டு. பேனாவுல யார் மேலயும் எதுவும் படாது.

ஆனா அது மட்டும் போதாது, ஏன்னா சிலம்பப் போட்டியிலயே தனிக்கம்பு வீச்சு உண்டு, அதுல எதிர்ல யாரும் கிடையாது, தனியா வீசுறான், நடுவரு மார்க்கு போடுதாரு. ஜிம்னாஸ்டிக்ஸும் அப்பிடித்தான், ஐஸ்ல சுத்துற ஸ்கேட்டிங்கும் அப்பிடித்தான். அதெல்லாம் ஸ்போர்ட்டுன்னா பேனாவ மட்டும் ஏன் தள்ளணும்? பையன் சொல்லுற அந்த உலகப்போட்டி பொய் இல்ல அக்கா. வேர்ல்ட் டோர்னமென்ட்னு தனி ஆளுக்கு ஒண்ணு, வேர்ல்ட் கப்புன்னு நாடு நாடா டீம் சேந்து ஒண்ணு, ரெண்டும் உண்டு. ரவுண்டு ரவுண்டா நடக்கும், கஷ்டம் எவ்வளவு, சுத்தம் எவ்வளவு, புதுசா என்ன இருக்குன்னு நடுவருமாரு மார்க்கு போடுவாவ.

நான் இத முழு ஸ்போர்ட்டுன்னு ஒத்துக்காததுக்கு காரணம் வேற. இந்தப் போட்டி பெரும்பாலும் வீடியோவுல நடக்குது. ரவுண்டுக்கு ஒரு வீடியோ அனுப்பணும், நடுவுல வெட்டி ஒட்டக்கூடாது, ஒரே ஓட்டத்துல எடுத்தது இருக்கணும். சரி. ஆனா அந்த ஒரு ஓட்டத்த எத்தன தடவ வேணும்னாலும் எடுக்கலாம்ல, பல சுத்த தொடுத்து கட்டுன அரை நிமிஷ காம்போவுக்காக ராத்திரி பூரா நூறு தடவ விழுந்து நூத்தியோராவது தடவ விழாம வந்தத அனுப்புவான். ஸ்கேட்டிங்ல ஐஸ்ல விழுந்தா விழுந்ததுதான், எழும்பி தொடரணும், இன்னொருக்கா கேக்க முடியாது. அந்த ஒரே ஒரு வாய்ப்பு, வயித்த கலக்குற அந்த நேரம், எனக்கு ஸ்போர்ட்டுன்னா அதுதான். நூறு டேக் எடுத்து நல்லத வெச்சுக்கிடுறது பாட்டு ரெக்கார்டிங்ல உள்ள பழக்கம், ஓட்டப்பந்தயத்துல உள்ளது இல்ல. சில நாட்டுல மேடையில வெச்சு நேருக்கு நேராவும் நடத்துதாவ, அது ஸ்போர்ட்டுதான், நான் மறுக்க மாட்டேன், விரல் வேர்த்து பேனா வழுக்கும்போ தெரியும்.

ஒலிம்பிக்ஸ்ல சேத்தாத்தான் ஸ்போர்ட்டுன்னு ஒரு கூட்டம் சொல்லும். அதுவும் நெலையா நிக்காது. 1912-ல இருந்து 1948 வரைக்கும் ஒலிம்பிக்ஸ்ல ஓவியம், சிற்பம், இசை, இலக்கியம், கட்டடக்கலை எல்லாத்துக்கும் பதக்கம் குடுத்துருக்காவ, பொறவு எடுத்துட்டாவ. பிரேக் டான்ஸ 2024 பாரிஸ்ல சேத்தாவ, 2028 லாஸ் ஏஞ்சல்ஸ்ல கிடையாது. அதுக்காக பாரிஸ்ல ஆடினவிய அந்த வருஷம் மட்டும் வீரருன்னும் அடுத்த வருஷம் கலைஞருன்னும் சொல்ல முடியுமா? சிலம்பத்தையே எடுத்துக்கிடுங்க, 2024 ஜனவரியில தமிழ்நாட்டுல நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டியில அத காட்சி விளையாட்டா வெச்சாவ. நம்ம ஆசான்மாரு அதுக்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்னாலயே வீசிக்கிட்டுதானே இருந்தாவ, அவிய கையில அது ஒருநாளும் மாறல, அரசாங்க ஃபைல்லதான் மாறிச்சு.

அப்போ கலையா? இங்கதான் எனக்கு ரொம்ப நாளு ஒரு மொடக்கு இருந்துது.

நம்ம பக்கம் கோயில் கொடையில வில்லுப்பாட்டு கேட்டிருப்பீங்கல்லா. தலைமையா பாடுற அண்ணாவி வில்லுக்கு முன்னால உக்காந்து ரெண்டு கையிலயும் வீசுகோல் வெச்சு நாணுல அடிப்பாரு, வில்லுல கட்டுன மணியெல்லாம் குலுங்கும், பக்கத்துல குடம், உடுக்கு, தாளம். கத சூடு பிடிக்கும்போ வீசுகோல மேல எறிஞ்சு, அது காத்துல ஒரு சுத்து சுத்தி வாறதுக்குள்ள ஒரு வரிய பாடி முடிச்சு, பிடிச்ச அதே வேகத்துல நாணுல அடி விழும். சின்னதுல இசக்கியம்மன் கத கேக்கதுக்குன்னு சொல்லிட்டு நான் போறதே அந்த கோலு மேல போறத பாக்கதுக்குத்தான். ராத்திரி ரெண்டு மணிக்கு, அம்மை மடியில பாதி தூக்கத்துல, கோலு மேல போனா கண்ணு முழிச்சிரும். குச்சி சுத்துறது அங்க கலையோட ஒரு அங்கம், அதுல யாருக்கும் சந்தேகமில்ல. ஆனா அந்த சுத்து கதைக்காக சுத்துது. பேனா எந்தக் கதைக்காக சுத்துது? ஒண்ணுக்கும் இல்ல. அப்போ கதையும் பாட்டும் இல்லாத வெறும் சுத்து கலையாவுமா?

இந்த மொடக்க அவுத்தது என் தங்கச்சி. அவ பரதம் படிச்சவ. "அலாரிப்புக்கு என்ன கத இருக்கு?"ன்னு கேட்டா. சரிதானே, கச்சேரியில மொதல்ல ஆடுற அலாரிப்புல கதயும் கிடையாது முகபாவமும் கிடையாது, கண்ணு, கழுத்து, தோளு, காலு, தாளம், அவ்வளவுதான், அத கலை இல்லன்னு யாரும் சொல்லல. வாசல்ல போடுற கோலத்துக்கு என்ன அர்த்தம் சொல்லுவீங்க, எட்டு மணிக்கெல்லாம் சைக்கிள் ஏறி அழிஞ்சிரும், அதுக்காக நாளைக்கு போடாம இருப்பாவளா?

அதுல இருந்து என் எண்ணம் இதுதான். ஒரு சுத்து, ரெண்டு சுத்து செய்யிறது கைப்பழக்கம், டீக்கடைக்காரரு சாயா ஆத்துற மாதிரி, பாக்க நல்லாருக்கும். கலை தொடங்குறது ஒரு சுத்துக்கும் அடுத்த சுத்துக்கும் இடையில. சோனிக்ல இருந்து நேரா தம்ப்அரவுண்டுக்கு போறவன் ஒருத்தன், நடுவுல அரை சுத்து நிறுத்தி பேனாவ புறங்கையில வழுக்க விட்டு, நம்ம கண்ணு இப்பிடித்தான் வரும்னு எதிர்பாத்த பக்கம் வராம மத்தப் பக்கம் கொண்டு வாறவன் இன்னொருத்தன். ரெண்டு பேருக்கும் தெரிஞ்ச சுத்து ஒண்ணுதான். இதுக்கு ஒரு நல்ல சாட்சி சொல்லுதேன், இந்த வீடியோவுல முகம் வராது, மேசையும் ஒரு கையும்தான் தெரியும். இருந்தும் ரொம்ப நாளு பாத்து பழகுனவன் பேரு பாக்காமலே இது இன்னாரு கைன்னு சொல்லிருவான், ஒரே பாட்ட ரெண்டு பேரு பாடும்போ குரல் தெரியுற மாதிரி. கைக்கு ஒரு குரல் வந்துட்டுன்னா அத கலைன்னு சொல்லுறதுக்கு எனக்கு கூச்சமில்ல. சின்ன கலை. வில்லுப்பாட்டு பக்கத்துல கொண்டு வைக்க மாட்டேன், அதுல ஊரே உக்காந்து கேக்குது, இதுல ஒருத்தன் செய்யிறத இன்னொரு செய்யிறவன்தான் ரசிக்கான், வெளியில உள்ளவனுக்கு பத்து செகண்டுக்கு மேல எல்லாம் ஒண்ணு போலத்தான் தெரியும். அது இதோட பெரிய குறை, சும்மா மறைக்கப்பிடாது.

உங்க பையன் எங்க நிக்கான்னு தெரியணும்னா ஒண்ணு கேளுங்க அக்கா, "நீயா கட்டுன காம்போ ஒண்ணு செய்யி"ன்னு. வீடியோவ பாத்து அப்பிடியே செய்யுதான்னா இப்போதைக்கு ஹாபி, அதுல ஒரு தப்பும் இல்ல, சுத்துறவனுவள்ல முக்காவாசி பேரு அங்கதான் இருக்கோம், நானும் பாதி நேரம் அங்கதான். யோசிச்சு "இது இன்னும் முடியல, கடைசி கொஞ்சம் சரியா வரல"ன்னு சொன்னான்னா அந்த டீச்சர் சொன்னது பக்கத்துல வந்துட்டான். எப்பிடி இருந்தாலும் அவன் அப்பா சொன்ன வட்டு இது இல்ல, அத அவருட்ட நீங்களே சொல்லிருங்க, நான் சொன்னேன்னு சொல்லாண்டாம்.

ஒரே ஒரு கண்டிஷன் வைங்க. சுத்துற பேனா வேற, எழுதுற பேனா வேற, ரெண்டும் கலக்கப்பிடாது. நான் பிளஸ் டூ மாடல் எக்ஸாமுக்கு புது ஜெல் பேனா ரெண்டு வாங்கி வெச்சுக்கிட்டு, கொஸ்டின் பேப்பர் குடுக்கிறதுக்கு முன்ன பதட்டத்துல பத்து நிமிஷம் ரெண்டையும் மாத்தி மாத்தி சுத்தினேன். சுத்துற வேகத்துல மை பின்னுக்கு தள்ளி முனையில காத்து ஏறிரும்னு அப்போ எனக்கு தெரியாது. ரெண்டு பேனாவும் எழுதல. பக்கத்துல இருந்தவன் ஒரு பழைய ரெனால்ட்ஸ் தந்தான், பின்மூடி கடிச்சு நசுங்கினது, அத வெச்சுத்தான் மூணு மணிக்கூறும் எழுதினேன். சுத்தவே சுத்தாது அந்த பேனா, ஒரு தடவ கூட.